கடல் பதிப்பு, தொண்ணூற்றிரண்டரை

பாலாவி ஊர் இளைஞன் இன்ஷாப்பின் நிஸான் வன்-எயிட்டி கார் எந்த ஆண்டில், எந்த நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்பதைத் தீர்மானிக்கும் பாரிய பொறுப்பு, புதிய சுற்றறிக்கை ஒன்றின் மூலம் உதவி அலுவலர் வீரகத்தியிடம் வந்து சேர்ந்தது. அதற்கு முன் இருபத்தாறு வருடம் அவர் இருந்தது பிறப்புப் பதிவுப் பகுதியில்.

அது தீர்ந்தால்தான் வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயர் ஏறும். இன்ஷாப்புக்கு அவசரம். பதினொரு நாளில் கல்யாணம். "புத்தகத்தில உன்ட பேர் இல்லாத காரில என்ட மகளை ஏத்தப்படாது" என்று நுரைச்சோலை இஸ்ஹாக் மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் மகள் ஹஃபீலாவோ இந்தக் காரைத் தவிர வேறெதிலும் ஏறமாட்டேன் என்றிருந்தாள்.

வீரகத்தி சுற்றறிக்கைப் படங்களைக் கையில் பிடித்தபடி காரை மூன்று முறை வலம் வந்தார்.

"தம்பி, மூக்கில ரெண்டு ஓட்டை. அது எண்பத்தொன்பது. பின் லைட் வட்டம். அது தொண்ணூற்றாறு. முன்னுக்குப் போகேக்க பழசு, ரிவர்ஸ் எடுக்கேக்க புதுசோ?"

"லைட் நான் மாத்தின சேர். இப்ப எல்லாரும் வட்டம்தான் போடுறாங்க."

"ஸ்டியரிங் வலப்பக்கம். அது ஜப்பான். மீற்றர் மைலில கிடக்கு. அது அமெரிக்கா."

"அதும் நான் போட்டதுதான். ஸ்டைலுக்கு."

"ஸ்டைலுக்குப் படிவத்தில கட்டம் இல்லை."

"செசி நம்பரைப் பாருங்களேன் சேர்."

"பார்த்தன். படிவத்தில பதினேழு கட்டம். உம்மட காரில பதினொரு எழுத்து. மிச்சம் ஆறும் எங்க?"

"ஜப்பானுக்குள்ள ஓடச் செய்த காருக்கு அவ்வளவுதான் சேர்."

"ஆறு கட்டம் வெறுமையா இருந்தா கணக்காய்வுக்காரர் என்ட கழுத்தைப் பிடிப்பினம்."

வீரகத்தி நீதிமான். எந்தப் பக்கமும் சாயாமல் இரண்டு ஆண்டுக்கும் நடுவை எடுத்தார். தொண்ணூற்றிரண்டரை.

"அரையா சேர்?"

"அரைதான். யூலை மாதம் எண்டு போடுறன். இனி நாடு. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில என்ன இருக்கு?"

இன்ஷாப் யோசித்தான். "கடல், சேர்."

வீரகத்தி கதவின் அடியில் விரலை விட்டு எடுத்தார். கற்பிட்டிக் கடற்காற்று தின்ற இரும்பின் கறள் துருச் சிவப்பாக ஒட்டியிருந்தது. "சாட்சியும் இருக்கு" என்று, நாட்டுக் கட்டத்தில் 'கடல் பதிப்பு' என எழுதி முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

வீட்டுக்கு வந்துதான் இன்ஷாப் புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்தான். கடல் பதிப்பு வாகனங்கள் நீரில் ஓடும் கலங்களாகக் கருதப்படும். நங்கூரம் ஒன்றும் மிதவை அங்கி நான்கும் கட்டாயம். வீதியில் செலுத்துவது தண்டனைக்குரியது.

ஹஃபீலாவுக்குப் போன் எடுத்து அதை வாசித்துக் காட்டினான். "இப்ப என்ன செய்ற?"

"புத்தகத்தில பேர் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப தண்ணியில வாங்க. வாப்பா தண்ணியைப் பத்தி ஒண்டும் சொல்லல்லயே."

மீன்பிடிப் படகுகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, பலகை அடித்து, கல்யாணத்தன்று நடுப்பகலில் உப்புநீர்க் களப்பைக் கடந்து வந்தது மாப்பிள்ளையின் கார். மூக்கில் நங்கூரம் தொங்கியது. இஸ்ஹாக் மாமா முழங்கால் தண்ணீரில் இறங்கி, கண்ணாடியைப் போட்டு, புத்தகத்தை வரிவரியாகப் படித்தார். "எல்லாம் சரி" என்றார். கரையில் நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. இளந்தாரிகள் நங்கூரத்தை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை, காரைத் தரைப் பதிப்புக்கு மாற்றித் தரச் சொல்லி இன்ஷாப் அலுவலகத்துக்குப் போனான். வாசலில் நாற்பது வாகனங்கள். எல்லாவற்றிலும் நங்கூரம், கதவுகளில் உப்பளத் தண்ணீர் தெளித்து ஏற்றிய புதுக் கறள். வரிசையில் முதலாவதாக, வெங்காய லொறியோடு, மாமா.

"மாமா, நீங்களுமா? லொறி தரையில நல்லாத்தானே ஓடுது?"

"ஓடுது மருமகன். ஆனா தரைப் பதிப்பெண்டா இப்ப ஆர் மதிக்கிற?"

இன்ஷாப் உள்ளே நுழைந்து விஷயத்தைச் சொன்னான். வீரகத்தி தலை நிமிரவில்லை.

"தரைப் பகுதியை மூடியாச்சு தம்பி. ஒருத்தரும் கேக்கிறேல்லை."

"நான் கேக்கிறனே சேர்."

"நாற்பது பேர் கேட்டா அது கோரிக்கை. ஒருத்தர் கேட்டா முறைப்பாடு. முறைப்பாட்டுக்கு வெள்ளிக்கிழமை வாரும்." பேனையை மூடிவிட்டு, அக்கறையோடு சேர்த்துச் சொன்னார்: "காரையும் கொண்டு வாரும். வீதியால வந்திடாதேயும், பிடிப்பாங்கள்."