மக்களின் வசதிக்காகக் கடல் மூடப்பட்டுள்ளது

பெற்ற தாயைக் கப்பலில் ஏற்றாதவன் மனிதனே இல்லை என்று அந்த ஆண்டு கடற்கரை மேம்பாட்டு அலுவலகத்தில் முடிவாகிவிட்டது. யாரும் ஆணை போடவில்லை. இயக்குநர் தம் தாயாரை மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பலில் கூட்டிப் போனார். அந்த அம்மாள் பெரிய தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக் கைகளை விரித்து நிற்கும் படத்தை மேசைமேல் வைத்தார். அது போதாதா? அதற்கு முந்தின ஆண்டு அவர் சைக்கிள் ஓட்டினார் என்று அலுவலகமே முட்டி தேயச் சைக்கிள் ஓட்டியது. அதற்கும் முந்தின ஆண்டு அவர் வீட்டிலேயே ரொட்டி சுட்டார். அந்த ஆண்டு யாருக்குமே வயிறு சரியாக இல்லை.

நம் கதாநாயகர் அங்கே துணை இயக்குநர். பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் எதைக் கேட்டாலும் "பரிசீலனையில் இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்ததால் ஊர் அவருக்குப் 'பரிசீலனை' என்று பெயர் வைத்துவிட்டது. கணக்காளர் தம் அம்மாவோடு போய் வந்தாயிற்று. அம்மா இல்லாத குறைக்கு ஓட்டுநர் மாமியாரைக் கூட்டிப் போனார். பரிசீலனையின் மேசையில் மட்டும் படம் இல்லை. வருகிறவர்கள் எல்லாம் அந்த வெற்றிடத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா நல்லாத்தானே இருக்காங்க?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவார்?

"அம்மா, உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார் ஒரு நாள்.

அம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "திறந்துட்டீங்களாடா?"

இங்கே ஒரு விளக்கம் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டிலிருந்து கடல் இரண்டே தெரு. கல்யாணமாகி வந்த நாள் முதல் சாயங்காலமானால் அம்மா போய்க் கணுக்கால் நனைய நின்றுவிட்டு வருவாள். புருஷன் போன பிறகும் அதை விடவில்லை. அங்கே போய் நின்றால்தான் மனசு ஆறும் என்பாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அலுவலகம் கடற்கரையை அழகுபடுத்த ஆரம்பித்தது. அழகுபடுத்திய இடத்தை மக்கள் மிதித்துக் கெடுத்துவிடக் கூடாதே என்று ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். சுவர் எழுப்பியதில் பணம் தீர்ந்துபோய், அழகு மட்டும் பாக்கி நின்றது. வாசலில் ஒரு பலகை: 'மக்களின் வசதிக்காகக் கடல் மூடப்பட்டுள்ளது.' அந்த வாசகம் பரிசீலனை எழுதியது. அதற்காக அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது.

"இது வேற கடல்மா. வெளிநாட்டுக் கடல்."

"எந்தக் கடலா இருந்தா என்ன? கால் நனைக்க விடுவாங்களா?"

"என்னம்மா நீ! கப்பலே கடலுக்கு நடுவுலதான் நிக்கும். சுத்திச் சுத்தித் தண்ணிதான்."

அம்மாவுக்குப் பெட்டி கட்ட அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

கப்பல் என்றால் கப்பலா அது? ஒரு தெருவையே நிமிர்த்தி மிதக்க விட்டதுபோல் மாடி மேல் மாடி. கடைகள், சலூன், சினிமா, கீழே விழாமல் ஓட ஒரு மைதானம். ஏறின உடனே பரிசீலனை அம்மா தலையில் தொப்பியை மாட்டி, கம்பி ஓரமாக நிறுத்தி, கையை விரிக்கச் சொன்னார்.

"எதுக்குடா, பறக்கவா போறேன்?"

"சந்தோஷமா இருக்கேன்னு காட்டணும்மா."

"கால் நனைச்சிட்டு வந்து சந்தோஷமா இருக்கேனே. எந்தப் படியில இறங்கணும்?"

படம் எடுத்தாயிற்று. படி மட்டும் கிடைக்கவில்லை. தகவல் மையத்தில் நீலக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதவி, விருந்தினர் மகிழ்ச்சி அதிகாரி. எதைக் கேட்டாலும் முதலில் சிரித்தாள்.

"கடலைத் தொடணுமா?" என்றாள். "மன்னிக்கணும். உங்க கட்டணத்துல கடலைப் பார்க்கிறது மட்டும்தான் சேர்ந்திருக்கு."

"கூடப் பணம் கட்டினா?"

"கட்டலாம். ஆனா தொட முடியாது. பாதுகாப்பு காரணமாக் கடலைப் பயணிகள்கிட்டேருந்து விலக்கி வச்சிருக்கோம்."

"கப்பல் கடல்மேலதானே போகுது?" என்றார் பரிசீலனை.

"அது கப்பலுக்குக் கொடுத்த அனுமதி சார். பயணிகளுக்குக் கொடுத்தது இல்ல."

வேறு யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். பரிசீலனைக்கோ உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமான பதிலை அவரே சொன்னதில்லை. எழுந்து நின்று கும்பிடாத குறை.

அவர் மதிப்பதைப் பார்த்து அந்தப் பெண்ணும் இளகி, ஏழாம் மாடியில் 'கடல் அனுபவ அறை' இருப்பதாகச் சொன்னாள். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போனார்கள். நீல ஓடு பதித்த ஒரு தொட்டி, கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர், ஒரு மின்விசிறி, ஒலிபெருக்கியில் அலைச் சத்தம். ஜன்னல் கிடையாது. ஏன் என்று கேட்டதற்கு, "நிஜக் கடல் தெரிஞ்சா ஜனங்க ஒப்பிட்டுப் பார்க்கிறாங்க சார்," என்றான் காவலாள்.

அம்மா காலை விட்டாள். முகம் சுருங்கியது.

"ஏண்டா, இது வெந்நீர்ல உப்புப் போட்டதுதானே? மூட்டு வலிக்கு வீட்டுல பக்கெட்டுல வச்சுக்கிறேனே, அதேதான். இதுக்கா பறந்து வந்தோம்?"

"மெதுவாப் பேசும்மா. எல்லாரும் அனுபவிக்கிறாங்க."

அடுத்த நாள் ஒரு துறைமுகத்தில் இறக்கினார்கள். குடையைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டி முன்னே போக, மந்தை பின்னே போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பழைய மாளிகைக்கு நேரம் இருந்தது, கிளிஞ்சல் விற்கும் கடைக்கு அதைவிட அதிக நேரம் இருந்தது, கடலுக்கு மட்டும் இல்லை. கடைக்குப் பின்னால் கல்படிகள் நேரே தண்ணீரில் இறங்கின. அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இறங்க ஆரம்பித்தாள். கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். வழிகாட்டி விசில் ஊதினாள். எல்லாத் தலைகளும் திரும்பின. பரிசீலனை ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஒரு நிமிஷம்டா. ஒரே ஒரு அலை வந்துட்டுப் போகட்டும்."

"எல்லாரும் பார்க்கிறாங்கம்மா. மானம் போகுது. வா."

கண்ணுக்கு எட்டியது காலுக்கு எட்டவில்லை. கப்பலுக்குத் திரும்பும் பேருந்தில் அம்மா செருப்பை மடியிலேயே வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள். அதைப் பார்த்துப் பரிசீலனைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. பெற்ற தாயாயிற்றே, வலிக்காமல் இருக்குமா? அந்த வலியையும் அவர் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் படம் மேசைக்கு வந்தது. இயக்குநரே நேரில் வந்து பார்த்து, "அம்மா முகத்துல என்ன ஒரு நிறைவு!" என்றார். சூட்டோடு சூடாகப் பரிசீலனை ஒரு திட்டத்தை நீட்டினார். மூன்றே மாதத்தில் கடற்கரைச் சுவரை ஒட்டிக் கடல் அனுபவ அறை எழும்பியது. அம்மாதான் சிறப்பு விருந்தினர். எல்லாரும் கை தட்ட, வெந்நீரில் கால் வைத்தாள். ஊரே திரண்டு, நிஜக் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றது.

ஒரு மாதம் போனது. சுவர்க் காவலாளி வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், வடக்குப் பக்கம் சுவத்துல ஒரு ஓட்டை. நாய் போற ஓட்டைதான். அது வழியா ஒருத்தங்க தினம் சாயங்காலம் உள்ள போயி, கால் நனைச்சிட்டு வராங்க."

"யாரது, அனுமதியில்லாம?"

"வயசானவங்க சார். குனிஞ்சு, தவழ்ந்து போறாங்க. பார்க்கவே பாவமா இருக்கு." காவலாளி மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "தொப்பி போட்டிருக்காங்க. இந்த மாதிரியேதான்."

பரிசீலனை நாற்காலியில் சாய்ந்தார். சில நாட்களாக வாசல் மிதியடியில் மணல் கிடந்தது. அம்மா சாப்பிடும்போது பழையபடி எதையாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கப்பல் பயணம் செய்த நல்லது என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது என்ன செய்வது? பேசாமல் விட்டுவிடலாம். ஆனால் ஒருத்தர் இலவசமாக நிஜக் கடலுக்குப் போனால் நாளைக்கு ஊரே போகும். ஊர் போனால் அறை என்னாவது, திட்டம் என்னாவது, இயக்குநர் முகத்தில் எப்படி முழிப்பது? வாழ்க்கையில் எதையுமே உடனே முடிவு செய்யாத மனுஷன், இதை மட்டும் உடனே முடிவு செய்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் ஓட்டை அடைபட்டது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா பக்கெட்டில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. ஈர சிமெண்ட்டைத் தள்ளிப் பார்த்திருக்கிறாள்.

"அடுத்த வருஷமும் என்னைக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போறியாடா?"

அவருக்கு உச்சி குளிர்ந்தது. "அவ்வளவு பிடிச்சிருந்ததாம்மா?"

"அங்க தொட விடலைன்னாலும், பார்க்கவாவது விட்டாங்களே."

பரிசீலனை அழுதேவிட்டார். பொய்யில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு விடிந்ததும் விடியாததுமாக ஆணை பிறப்பித்தார்: சுவரில் முதியோர் கண் மட்டத்தில் கடல் பார்க்க ஒரு கண்ணாடித் துளை, முதியோருக்குப் பாதிக் கட்டணம், ஆளுக்கு ஒரு நிமிஷம்.

திறந்த அன்றைக்கு அம்மாதான் முதலில் நின்றாள். துளையில் கண்ணை வைத்தவள் அசையவேயில்லை.

"மங்கலா இருக்கே தம்பி. அலை வருதா போகுதான்னே தெரியலை. கொஞ்சம் துடைக்கக் கூடாதா?"

"எழுதிப் போட்டிருக்கோம்மா. பரிசீலனையில இருக்கு," என்றார் காவலாளி.

அம்மா கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. சுவரை யார் கட்டினது, எதற்குக் கட்டினது என்று அதில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நாம் எல்லாரும் கையில் டோக்கனோடு நின்றுகொண்டு, "எவ்வளவு நேரம்தான் பார்ப்பீங்க, நகருங்கம்மா!" என்று அந்த அம்மாவைத்தான் அதட்டினோம்.