வறுத்த முந்திரியில் எண்ணெய் குறைந்த விவரம்

என் மதிப்புக்குரிய மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள். இதைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டு முறை கூப்பிட்டேன். உன் குரலைக் கேட்டதும் அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். முந்திரிப் பருப்பில் எந்த முறையில் எண்ணெய் அதிகம் வரும் என்று பார்க்க, நீ வேலை பார்க்கும் எண்ணெய் ஆலைக்காக மூன்று டப்பாக்களில் கிலோ கிலோவாக நிறுத்து வைத்தாயே: பச்சையாகச் செக்கில் பிழிய ஒன்று, வறுத்துப் பிழிய ஒன்று, பொடித்துக் கரைப்பானில் ஊறவைத்து எடுக்க ஒன்று. நாங்கள் உங்கள் வீட்டில் தங்கியிருந்த வாரம் மூன்றும் சமையலறை அலமாரியில்தான் இருந்தன. "மாமா, யாரும் தொடாம கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாய். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தாய்.

டாக்டர் எனக்கு முந்திரியைக் கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீ வறுத்த அன்று வீடே மணந்தது. உடைந்த பருப்பு ஒன்றைத்தான் எடுத்தேன், உடைந்ததற்கு ஏது கணக்கு என்று. பிறகு உடைந்தவை தீர்ந்துபோனதால் நானே உடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கொறிக்கும் சத்தம் கேட்டு, எலி என்று உன் வீட்டுக்காரன் பொறி வாங்கி வந்து அலமாரியில் வைத்தான். அது என் கட்டை விரலைப் பிடித்தது. நான் கதவிடுக்கு என்றேன். நீ பதறிப்போய் மருந்து போட்டு, ஊதி ஊதிக் கட்டுப் போட்டாய். "வலிக்குதா மாமா?" என்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லையே, அம்மா, அப்போது என் வாயில் இரண்டு பருப்பு இருந்தது.

டப்பாக்களை ஆலைக்கு எடுத்துப்போகும்போது, "இன்னொரு தடவை நிறுத்துக்கோயேன்" என்று அவன் சொன்னான். "வீட்டுலதானே இருந்துச்சு, மாமா வேற இருந்தாங்க, எதுக்கு நிறுக்கணும்?" என்றாய். வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன்.

நேற்று அவன் சொல்லித்தான் தெரியும்: கரைப்பானில் எண்ணெய் எக்கச்சக்கமாம், வறுத்ததில் படுமோசமாம், பச்சையிலும் குறைவுதானாம், முதலாளி உன் சொல்லை நம்பிச் செக்கை விற்கப்போகிறாராம், செக்கு ஓட்டுபவரை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். அந்த மனிதர் என்ன பாவம் செய்தார்? எண்ணெயைச் செக்கு விழுங்கவில்லை, நான் விழுங்கினேன். விற்பதற்கு முன் முதலாளியிடம் போய் என் பேரைச் சொல்லியே சொல். உன் பேர் கெடக் கூடாது. மற்ற இரண்டு டப்பாக்களின் கணக்கை மாற்ற வேண்டாம். உன் அத்தை சொக்கத் தங்கம், அடுத்தவர் பொருளைத் தொடமாட்டாள்.

நீ நூறு வயது நல்ல பேரோடு வாழ வேண்டும். முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டாலும், என் மகனிடம் மட்டும் அது எலியாகவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டக் கொடுத்தேன், உன் அத்தை பிரித்துப் படித்துவிட்டாள். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "பச்ச டப்பா நான்தாங்க" என்கிறாள். ஆகவே செக்குக்கு எதிரான கணக்கு முழுவதையும் கிழித்துப் போடு. மூன்றாவது டப்பாவாவது முழு எடையோடு வந்து சேர்ந்ததே என்று எங்களை மெச்சிக்கொள்ளாதே. அதன் மூடியைத் திறக்க இருவரும் தனித்தனியாக முயன்றிருக்கிறோம், முடியவில்லை.