ஜெனீவா முத்திரைத் தாயத்து

கம்பம் சந்தையில் அந்த வருஷம் வாழைத்தாரைவிட வேகமாக விலைபோன சரக்கு ஒன்று உண்டென்றால், அது சத்தியபுரி சுவாமிகளின் தாயத்துதான். வாழைத்தாருக்கு ஒரு தரகர் போதும். தாயத்துக்கோ தமுக்கு, கிராமபோன், காவிப் பந்தல், பந்தலுக்குள் மூன்று சீடர்கள்! பந்தல் உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: "போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்!" எழுதியவருக்குத் தைரியம் அதிகம்தான்.

சுவாமிகள் மற்ற மந்திரவாதிகளைப் போலக் குட்டிச்சாத்தானை மட்டும் நம்பிப் பிழைப்பவர் அல்ல. சட்டம் பேசுவார். அதையும் மலையாள வாடையோடு பேசுவார். மலைக்கு அந்தப் பக்கத்து மந்திரம் என்றால்தான் இந்தப் பக்கத்தில் மதிப்பு.

"ஜனங்ஙளே! ஜெனீவான்னு ஒரு பட்டணம் உண்டு. எல்லா ராஜ்யத்து மந்திரிமாரும் அவிடே கூடி, கள்ள நோட்டு அடிக்கிறவனை எந்த ராஜ்யத்திலும் பிடிக்கலாம்னு ஒப்பந்தம் எழுதியாச்சு. அந்த ஒப்பந்தத்தில் நம்ம தாயத்தும் உண்டு, கேட்டோ! லண்டன், கொழும்பு, திருவனந்தபுரம், எவிடேயும் இதை ஒருத்தன் காப்பியடிக்க முடியாது. பேயும் காய்ச்சலும் இந்த முத்திரைக்குக் கட்டுப்படணும். அது சட்டமாக்கும்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. காய்ச்சலைச் சுமந்து வருகிற கொசு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சங்கிலியம்மாளும் கேட்கவில்லை. சுருளிப்பட்டிக்காரி. சந்தையில் வெற்றிலை வியாபாரம். வாடிய வெற்றிலையைத் தண்ணீர் தெளித்துப் புதிது என்று அவளிடம் தள்ளிவிட ஒருத்தனாலும் முடியாது. அப்படிப்பட்டவள்தான் தாயத்துக்கு வரிசையில் நின்றாள். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போன அவள் புருஷன் மொக்கைச்சாமி, மலைக்காய்ச்சலோடு திரும்பி வந்து கிழிந்த பாயாகக் கிடந்தான். பயம் வந்தால் எந்தக் கத்தியும் மழுங்கிப்போகும்.

தாயத்தோடு ஒரு நிபந்தனையும் கிடைத்தது. தபாலாபீசில் விற்கிற கொயினா என்ற காய்ச்சல் மருந்துப் பொட்டலத்தைத் தொடவே கூடாது. அது வெள்ளைக்காரன் மருந்து, முத்திரைக்குத் தீட்டு. வெள்ளைக்காரன் ஒப்பந்தம் வேண்டும்; வெள்ளைக்காரன் மருந்து மட்டும் தீட்டு!

கட்டிய அன்று காய்ச்சல் இல்லை. சங்கிலியம்மாள் ஊரெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். மறுநாள் காய்ச்சல் வட்டியோடு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் வருவது அதன் வழக்கம்; தாயத்தைக் கேட்டு அது வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. குளிரில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட, மொக்கைச்சாமி கழுத்தில் கிடந்ததை வாயில் கவ்வி நறுக்கென்று கடித்தான்.

அடுத்த சந்தைக்கு அவள் ஓடினாள். சுவாமிகள் தாயத்தைக் காதில் வைத்து, கண்ணை மூடினார்.

"ஓங்காரச் சத்தம் இல்லையே! இது போலி!"

"சாமி, உங்ககிட்டத்தேன வாங்குனேன்?"

"வழியில் மாத்தியிருப்பான். கள்ளக் கம்பெனிக்காரன் எவிடேயும் உண்டு."

போலி, பின்னாலிருந்த கூடைக்குள் விழுந்தது. ஜெனீவாவுக்கு அனுப்பவேண்டுமாம். வரிசையில் மறுபடி நின்று, பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு மடங்கு விலைக்கு அவள் புதிதாக ஒன்று வாங்கினாள்.

பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமான தொழில்! காய்ச்சல் விட்டால் தாயத்து அசல். விடாவிட்டால் போலி. கோம்பை இருளம்மாளின் மருமகன் செத்தே போனான். "பாவம், போலியைக் கட்டியிருந்நு!" என்றார் சுவாமிகள். அன்றைக்கு வியாபாரம் இன்னும் அமோகம்.

வீட்டில் புதுத் தாயத்தைக் கையில் வாங்கிய மொக்கைச்சாமி, அதைத் திருப்பித் திருப்பித் தடவினான்.

"ஏ சங்கிலி, இது புதுசா?"

"சாமி கையால வாங்குனது. கட்டுங்க."

"கயிறுதேன் புதுசு. இந்தா பாரு, பல்லுத் தடம். நடுவுல ஒரு பல்லு இல்ல. இந்த ஊர்ல இப்பிடி ஓட்டைப்பல்லு எவனுக்கு இருக்கு?"

அவள் விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு அவன் வாயைப் பார்த்தாள். அழ வந்தது, அழவில்லை. வெட்கம்தான் முகத்தில் தீயாக ஏறியது. மறுநாள் தபாலாபீசில் கொயினா வாங்கி வந்து தண்ணீரில் கரைத்தாள். கசக்கிறது என்று அவன் திமிறினான். மூக்கைப் பிடித்து ஊற்றினாள். அதையே விடாமல் கொடுத்துவர, வழக்கமாக வருகிற காய்ச்சல் வழியை மறந்துபோனது.

அடுத்த சந்தையில் முதல் ஆளாக வண்டிக்காரன் பேச்சிமுத்து பந்தலுக்குள் போனான். கையில் சிவப்புக் கயிறு கோத்த தாயத்து.

"சாமி, காய்ச்சல் ஓடியே போச்சு! இது அசல்தானான்னு பாத்துச் சொல்லுங்க."

சுவாமிகள் காதில் வைத்தார். "ஆகா! ஓங்காரம் முழங்குது! அசல், ஜனங்ஙளே, அசல்!"

கூட்டம் கும்பிட்டது. பேச்சிமுத்து தாயத்தை வாங்கிக்கொண்டு பந்தலுக்குப் பின்னால் போனான். அங்கே சங்கிலியம்மாள் வெற்றிலைக்காரர்கள் கண்ணெதிரே சிவப்புக் கயிற்றை உருவிக் கறுப்புக் கயிற்றைக் கோத்தாள். அதை எடுத்துக்கொண்டு இருளம்மாள் உள்ளே போனாள்.

"சாமி, எங்க வீட்டுல காய்ச்சல் விடவே இல்ல."

காதில் வைத்தார். முகம் சுளித்தார். "போலி! கள்ளச் சரக்கு!"

கூடைக்குள் போடப்போன கையை, பின்னாலேயே உள்ளே வந்த சங்கிலியம்மாள் எட்டிப் பிடித்தாள்.

"போடாதீக சாமி. பேச்சிமுத்து கொண்டாந்ததும் இதுதேன், அக்கா கொண்டாந்ததும் இதுதேன். அவன் கையில அசலு, அக்கா கையில போலியா? நடுவுல எந்தக் கள்ளக் கம்பெனிக்காரன் வந்தான்?"

"ஆமா, நாங்க பாத்தோம், ஒரே தாயத்துதேன்!" என்று வெற்றிலைக்காரர்கள் குரல் கொடுத்தார்கள்.

சுவாமிகள் எழுந்தார். "இது சர்வதேசக் குற்றம்! போலீசை விளிக்கும்!"

"விளிங்க. நானும் அதைத்தேன் சொல்றேன்."

மொக்கைச்சாமி கூட்டத்திலிருந்து முன்னால் வந்து, தாயத்தை வாங்கிப் பல்லில் பொருத்தி, வாயைத் திறந்து சுற்றிலும் காட்டினான். "இதுக்கு முத்திரை போட்டது ஜெனீவாக்காரன் இல்லய்யா. நாந்தேன்!"

சிலர் சிரித்தார்கள். அப்போதும் ஒரு பெரிய மனிதர், "சாமி நம்மளைச் சோதிக்கிறாக" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இருளம்மாள் சிரிக்கவில்லை. சுருக்குப்பையிலிருந்து மருமகன் கழுத்தில் கிடந்த தாயத்தை எடுத்தாள். கல்லில் வைத்து இன்னொரு கல்லால் நசுக்கினாள். மந்திரத் தகடு வரவில்லை. சுருட்டிய தீப்பெட்டி லேபிள் ஒன்று வந்தது. அதில் பாதி மான், பாதி கம்பெனிப் பெயர். உலகமெல்லாம் தன் முத்திரையைத் திருடுவதாகக் கூவிய மகான், தாயத்தின் வயிற்றில் அடைத்திருந்தது ஊரான் வீட்டு முத்திரை!

"இந்தக் காயிதத்துக்காகவா எம்மருமகனுக்குக் கொயினா குடுக்க வேணாம்னு சொன்ன?" என்றாள் இருளம்மாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கிராமபோன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது. பிறகு ஆளாளுக்குக் கழுத்துக் கயிற்றை அறுத்து நசுக்கினார்கள். பாதி மான்கள் பந்தலெங்கும் மேய்ந்தன.

"ஏலேய், ஓடுங்கடா! கல்லாவ எடுங்கடா!" என்று கத்தினார் சுவாமிகள். மலையாளத்தில் ஒரு சொல்கூட மிச்சமில்லை; அசல் மதுரைப் பக்கத்துத் தமிழ். பஸ் ஏறுவதற்குள் அவரைப் பிடித்துவிட்டார்கள். கைது செய்ய வந்த கான்ஸ்டபிள், முதலில் தன் சட்டைக்குள் கைவிட்டு எதையோ அறுத்துத் தூர எறிந்துவிட்டுத்தான் விலங்கை எடுத்தார்.

கூட்டம் கலைகிற நேரத்தில், கன்னத்தில் போட்டுக்கொண்ட அந்தப் பெரிய மனிதர் சங்கிலியம்மாளிடம் மெல்ல வந்தார்.

"அது சரி ஆத்தா. இவன் போலிதேன், ஒத்துக்கிறேன். அப்ப அசல் தாயத்து எங்கன கெடைக்கும்?"

சங்கிலியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"கழுத்துக்குக் கீழ தேடாதீக பெரியவரே. கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குல்ல, அது அசல்தேன். அதை எவனும் இன்னும் போலியாப் பண்ணல. நீங்கதேன் ஒருநாளும் எடுத்துப் பொழங்கல!"