துரைக்காகக் காத்திருந்த சுதந்திர தினம்

காஜா பெராங், மலாக்கா.
17-9-1958

செந்தூலில் மனைவி மக்களோடு சுகமாக இருக்கும் என் அன்பு மைத்துனர் திரு. நல்லையாவுக்கு, உம் அக்காள் கணவன் அப்பாசாமி எழுதிக்கொண்டது. இங்கு நானும் உம் அக்காளும் உடம்பளவில் நலம். மற்றபடி நலமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படித்து முடித்த கையோடு உம் அக்காள் பொன்னம்மாவைக் கண்டித்து நீர் ஒரு கடிதம் எழுத வேண்டும். தம்பி சொன்னால் கேட்பாள் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

நடந்தது இதுதான். சுதந்திரம் கிடைத்து ஓராண்டு நிறைவதை நம் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து கடற்கரையில் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் பெரிய கிராணியாக இருந்தவன் என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள். எந்தக் கடற்கரை என்பதில்தான் தகராறு. நாட்டுக்குச் சுதந்திரம் வாங்கக்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள். போர்ட் டிக்சன் என்றார்கள் சிலர். அவ்வளவு தூரம் லோரியில் போனால் பிள்ளைகள் வாந்தி எடுக்கும் என்று அது போயிற்று. பண்டார் ஹிலிரில் கடலோரத்துப் பாடாங் திடல் என்றார்கள் சிலர். அங்கே அரசாங்கமே கொண்டாடுவதால் நம்மை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று செயலாளர் சுப்பையன் மறுத்துவிட்டார். அப்போது உம் அக்காள் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, பக்கத்திலேயே கிளேபாங் இருக்கிறது, நம் வேலிக்கு அடுத்த கம்போங் செட்டி சீதா வீட்டார் வழக்கமாகப் போகிற இடம், அவர்களையும் சேர்த்துக்கொண்டு போவோம் என்றாள். கம்போங் செட்டிக்காரர்கள் நம் சாமியைக் கும்பிட்டாலும் வீட்டில் பேசுவது மலாய் என்பது உமக்குத் தெரியும். தமிழ் பேசத் தெரியாதவர்களோடு தமிழனுக்கு என்ன கொண்டாட்டம் என்று சுப்பையன் ஆங்கிலத்தில் முழங்கினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

தலைவர் என்ற முறையில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். என் பழைய துரைக்குத் தஞ்சோங் கிளிங்கில் கடலைப் பார்த்த பங்களா இருக்கிறது. எதிரே நல்ல மணல், தென்னை நிழல். கோட்டு மாட்டிக்கொண்டு போய், பங்களாவுக்கு முன்னால் உள்ள அந்த மணலில் சுதந்திரம் கொண்டாட அனுமதி கேட்டேன். அவர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், கடற்கரை என்னுடையது இல்லையே, என்னை ஏன் கேட்கிறாய் என்றார். பெரிய மனிதர்கள் இப்படித்தான் சம்மதிப்பார்கள். அதே சூட்டில் அவரைச் சிறப்பு விருந்தினராகவும் அழைத்துவிட்டு வந்தேன். பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து இந்த நல்ல செய்தியைச் சொன்னால், உம் அக்காள் அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து, "சுதந்திரம் கொண்டாட வெள்ளக்காரன்கிட்ட போயி லீவு கேட்டுட்டு வந்திருக்கீங்க. ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னா நெனைப்பாங்க?" என்றாள். தெரிந்த நாலு பேரும் என்னைப் பாராட்டினார்கள் என்று சொன்னேன். அவள் லோரியில் ஏறமாட்டேன் என்று சீதா வீட்டாரோடு கிளேபாங்குக்குப் போய்விட்டாள்.

எங்கள் லோரி தஞ்சோங் கிளிங் சேர்ந்தபோது எல்லாம் இருந்தது, கடல் மட்டும் இல்லை. தண்ணீர் வற்றிப் போய் எங்கோ தூரத்தில் கோடாகத் தெரிந்தது. நடுவில் முழுக்கச் சேறு. அது ஒரு குறையா, நாம் வந்தது குளிக்கவா என்று நான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். துரைக்காகக் கொண்டுபோன பிரம்பு நாற்காலியைத் தென்னை நிழலில் போட்டோம். சிறப்பு விருந்தினர் வந்து கொடியேற்றிய பிறகே சாப்பாடு என்று அறிவித்தேன். துரை வரவில்லை. சுப்பையன் அடிமை விலங்கு அறுந்தது பற்றிப் பேசத் தொடங்கினார். துரை வரும்வரை நிறுத்த வேண்டாம் என்று நான் சைகை காட்டியதால் அறுந்த விலங்கையே மறுபடி மறுபடி அறுத்துக்கொண்டிருந்தார். நிழல் நகர்ந்தது, நாற்காலியும் நகர்ந்தது, நாங்கள் வெயிலிலேயே இருந்தோம். பிள்ளைகள் பசியில் அழுதார்கள். கோழிக்கறிச் சட்டியை ஒரு பெண் திறக்கப் போக, நான் அதட்ட வேண்டியதாயிற்று.

உச்சி வெயில் சாய்ந்த பிறகு துரை வந்தார். அரைக்கால் சட்டை, கையில் நாய்ச் சங்கிலி. சுப்பையன் பேச்சை விட்டுவிட்டு மாலையோடு ஓடினார். துரை எங்கள் கூட்டத்தைப் பார்த்து, தோட்டத்துத் தமிழில், "என்ன முத்தையா, யாருக்குக் கலியாணம்?" என்று என்னைக் கேட்டார். முப்பது வருடம் தினமும் காலையில் சலாம் வைத்தவன் பெயர் அது இல்லை. வெயிலில் கண் கூசியிருக்கும். நான் விளக்குவதற்குள் நாய் கோழிக்கறிச் சட்டியில் தலையை விட்டுவிட்டது. சுப்பையன் பதறிப்போய் மாலையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் நிற்க, துரை நாயை அதட்டி இழுத்துக்கொண்டு, மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு நடந்துவிட்டார். நாற்காலியில் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கொடியை நானே ஏற்றினேன். கம்பம் ஈர மணலில் சாய்ந்துகொண்டே போனதால் தேசிய கீதத்தை வேகமாகப் பாடி முடித்தோம்.

கறி போன பிறகு வெறும் சோற்றை யாரும் தின்னவில்லை. திரும்பும் வழியில் கிளேபாங்கில் பாட்டுச் சத்தம் கேட்டது. உம் அக்காளும் சீதா வீட்டாரும் பாய் விரித்து, மீன் சுட்டு, மலாய்ப் பாட்டும் நம் கும்மிப் பாட்டும் கலந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அலை ஏறி, அவர்களுக்கு மட்டும் கடல் கரைவரை வந்திருந்தது. லோரிக்காரன் என்னைக் கேட்காமலே நிறுத்தினான். முதலில் பிள்ளைகள் குதித்தார்கள், பிறகு பெண்கள், பிறகு ஆண்கள். கடைசியில் சுப்பையன், மலாயில் நலம் விசாரித்தபடி இறங்கினார். தலைவர் ஒருவராவது கொள்கையில் நிற்க வேண்டும் என்று நான் லோரியிலேயே, அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மீன் வாசனை அங்கேயும் வந்தது. வெகு நேரம் கழித்து உம் அக்காள் வந்தாள். சாப்பிடக் கூப்பிடத்தான் வருகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ சக்கரத்துப் பக்கத்தில் நின்று, எல்லோரும் கேட்கும்படி, "ஒங்க தொர சாப்பிட்டாரா? இல்லேன்னா சொல்லுங்க, அவருக்கும் ஒரு எல போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடற்கரை முழுக்கச் சிரித்தது, மச்சான். மொழி தெரியாத சீதாவின் மாமியார்கூடச் சிரித்தார்.

அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அவளும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. சோறு வைக்கிறாள், வேட்டி மடித்து வைக்கிறாள், சீதாவோடு வேலியோரம் நின்று சிரிக்கிறாள். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. இரவில் திரும்பிப் படுத்தபிறகு வீடு இவ்வளவு பெரிதா என்று தோன்றுகிறது. போதாததற்கு அடுத்த ஆண்டுக்கு அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள், சுப்பையன்தான் முன்மொழிந்தார். ஆகவே அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தலைமையை விட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதும். என் உயிர் உள்ளவரை கிளேபாங் மணலில் கால் வைக்க மாட்டேன் என்பதையும் சேர்த்து எழுதும்.

உம் பிள்ளைகள் நன்றாகப் படித்து, யாரும் பெயரை மாற்றிக் கூப்பிடாத உயரத்துக்கு வர மாரியம்மனை வேண்டும்,
உம் அக்காள் கணவன்,
அப்பாசாமி.

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் பொன்னம்மா வந்து நின்றாள். "ஞாயித்துக்கெழம மறுபடி கிளேபாங் போறோம். தேங்கா திருவ ஆள் பத்தல. வர்றீங்களா?" என்று கேட்டாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மேலே எழுதியது எதையும் நீர் செய்ய வேண்டாம். சனிக்கிழமையே குடும்பத்தோடு புறப்பட்டு வாரும். நான் கடிதம் எழுதியதாக மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்.