பத்து நிமிட நாடகாசிரியர்

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் தொந்தரவுகளில் பெரும்பாலானவற்றுக்கு மாத்திரை இருக்கிறது. முட்டி வலிக்கு இருக்கிறது, நெஞ்செரிச்சலுக்கு இருக்கிறது. திடீரென்று ஒரு நாள் நாடகம் எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறதே, அதற்கு மட்டும் எந்தக் கடையிலும் எதுவும் கிடையாது. அந்த ஆசை வந்தவரைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். பயப்படாதீர்கள், கடிக்க மாட்டார். குறிப்பு மட்டும் எடுப்பார்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். சட்டைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு, அதில் செருகிய பேனா, பேருந்தில் முன் சீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் தன் நிறுத்தம் போனாலும் போகட்டும் என்று கூடவே போகிற பெருந்தன்மை, துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள், எத்தனை நேரம் பேசாமல் நின்றார்கள் என்று அளவெடுக்கும் கண், இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தால் அவர்தான். சந்தேகமிருந்தால் உங்கள் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்ததை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "ஐயோ பாவம்" என்பார். அடுத்த மூச்சில், "விழுறப்போ என்ன சொன்னாரு? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க" என்பார்.

எனக்குத் தெரிந்தவர் ஒரு கண்ணாடிக் கடைக்காரர். வயது நாற்பத்தேழு. இருபது வருடமாக மற்றவர்களின் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவர். சனிக்கிழமை சாயங்காலங்களில் நூலக மாடியில் எட்டு வாரம் நாடகம் எழுதக் கற்றுத் தருகிறார்கள் என்ற அறிவிப்பைப் பார்த்தார், சேர்ந்துவிட்டார். முதல் வகுப்பில் ஆசிரியை சொன்னது ஒன்றே ஒன்றுதான். மேடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று வேண்டும், அதை ஏதோ ஒன்று தடுக்க வேண்டும். அது போதும், நாடகம் தானாக நடக்கும்.

மனிதர் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தார். கல்லூரியில் படிக்கும் மகள் உள்ளே வந்தாள்.

"நில்லு. இப்போ நீ உள்ள வர்றே. உனக்கு என்ன வேணும்?"

"சார்ஜர் வேணும்ப்பா."

"சரி. அதுக்குத் தடை என்ன?"

"நீங்கதான். அது மேலதான் உக்காந்திருக்கீங்க."

ஆகா என்று நோட்டை எடுத்து 'தடை: தந்தை' என்று எழுதினார். எழுந்திருக்க மட்டும் தோன்றவில்லை.

இரண்டாம் வாரம் மேடைக் குறிப்பு. நம்மவர் முதலில் எழுதிய நாடகத்தில் ஜன்னல் திரையின் நிறத்துக்கு ஒன்றரைப் பக்கம், வெளிச்சம் விழும் கோணத்துக்கு ஒரு பக்கம், அப்புறம் 'கணவன் இருமுகிறான்', திரை விழுகிறது. ஆசிரியை பொறுமைசாலி. "ஜன்னல் நல்லா இருக்கு. ஆளுங்க பேசினா இன்னும் நல்லா இருக்கும். வீட்டுல எல்லாரும் எப்படிப் பேசுறாங்கன்னு ஒரு வாரம் கேளுங்க" என்றார்.

கேளுங்கள் என்றுதான் சொன்னார். எழுதச் சொல்லவில்லை. ஆனால் இந்த இனத்துக்கு இரண்டும் ஒன்று என்கிற திடமான நம்பிக்கை உண்டு.

அவருடைய மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவர். ஐந்தாம் வாரம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் வெடித்தார்.

"ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வர்றேன். கார் ஓட்டக் கத்துக்கறேன்னு எத்தனை தடவைங்க சொல்றது? வாசல்ல கார் நிக்குது, நான் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன்!"

கணவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பிரமாதம்! அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் மெதுவா."

அந்த அம்மாள் நோட்டைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மறுபடி நோட்டைப் பார்த்தார். "இனிமே என்கிட்டேர்ந்து உங்க நோட்டுக்கு ஒரு வார்த்தை கிடைக்காது" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டார்.

சொன்னதைச் செய்கிற பெண்மணி. அன்றிலிருந்து எல்லாம் மகள் வழியாகத்தான். "அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க." "அம்மா துணி எடுக்கச் சொன்னாங்க." முதல் வாரம் நம்மவர், மௌனமும் ஒரு வசனம்தான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். இரண்டாம் வாரம் சாப்பாடு இறங்கவில்லை. கடையில் எழுத்துப் பலகையைக் காட்டி "இப்போ தெரியுதா?" என்று கேட்கும் குரலே கம்மிப்போயிற்று. பொய் சொல்வானேன், அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மனைவி மறுபடி பேச வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் போய் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். இவர் என்ன செய்தார்? நாடகம் எழுதினார். கடைசி வகுப்பில் ஒவ்வொருவரின் பத்து நிமிட நாடகத்தையும் உரக்கப் படிப்பார்கள், வீட்டாரும் வரலாம். மனைவி வந்து கேட்டால் மனம் இளகிவிடும் என்று கணக்குப் போட்டு, மகள் வழியாகவே அழைப்பும் அனுப்பினார்.

எழுதியதை ஆசிரியை புரட்டிப் பார்த்தார்.

"இந்தக் கணவனுக்கு என்ன வேணும்?"

"மனைவி அவனைப் புரிஞ்சுக்கணும் மேடம்."

"மனைவிக்கு என்ன வேணும்?"

"அவளுக்கும் அதேதான் மேடம். அவனைப் புரிஞ்சுக்கணும்."

ஆசிரியை அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அவருடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. படிக்கும் நாளில் எழுதியவருக்குக் கதாநாயகன் வேடம் கிடைக்காது. தன் நாடகத்தில் யாருக்கு மிகக் குறைவாக வசனம் எழுதியிருக்கிறாரோ, அந்த வேடத்தைத்தான் அவர் படிக்க வேண்டும்.

ஆக, கண்ணாடிக் கடைக்காரருக்கு மனைவி வேடம் கிடைத்தது. கணவன் வேடத்துக்கு வகுப்பிலேயே பெரிய குரல் உள்ளவர், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், 'பிரேக், பிரேக்' என்று கத்திக் கத்தி உரமேறிய தொண்டை. முதல் வசனமே ஒன்றே முக்கால் பக்கம். தன் கனவுகள், தன் தனிமை, உலகம் தன்னைக் கவனிக்காதது. நம்மவர் காத்திருந்து, "ம்" என்றார். அடுத்தது இரண்டு பக்கம். "சரிங்க" என்றார். அதற்கடுத்தது இன்னும் நீளம். "அப்படியா" என்றார். வாயைத் திறக்கிறார், மூடுகிறார். எழுதிய பாவி யாரென்று தெரிந்தும் கோபித்துக்கொள்ள வழியில்லை. நான்காவது வசனத்தின் நடுவில் தாளை மேஜைமேல் போட்டுவிட்டார்.

"கொஞ்சம் என்னையும் பேச விடுங்களேன்! எனக்கும் ஒண்ணு வேணும்!"

ஆசிரியை மெதுவாக, "என்ன வேணும்மா?" என்று கேட்டார்.

நாடகத் தாளில் விடை இல்லை. அவருக்கும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். தன் கையெழுத்தில், பக்கத்தில் 'நல்ல ஓட்டம், எங்காவது சேர்க்கலாம்' என்ற தன் குறிப்போடு, அது இருந்தது. தட்டுத்தடுமாறிப் படித்தார்.

"கார் ஓட்டக் கத்துக்கறேன்னு... எத்தனை தடவைங்க சொல்றது?"

"அஞ்சு தடவை!" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

பதினெட்டு நாளில் முதல் முறையாக மனைவி அவரிடம் பேசியிருக்கிறார். கூட்டம் சிரித்தது, அந்த அம்மாளும் சிரித்தார், இவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு காதில் விழுந்ததே போதும் என்று அப்படி ஒரு சந்தோஷம். கணவனாக நடித்தவர் தன் வசனத்தை அப்படியே விட்டுவிட்டு, "எட்டு வாரமா பக்கத்துல உக்காந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லுங்க" என்றார். ஆசிரியை, "அந்தம்மா பேசின வரியை வெச்சுக்கோங்க, மத்ததை வெட்டிடுங்க" என்றார்.

வீடு வரைக்கும் அந்த அம்மாள் நிறுத்தாமல் பேசினார். நம்மவரின் கை இரண்டு முறை சட்டைப் பைக்குப் போய், இரண்டு முறையும் வெறுமனே திரும்பி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் நோட்டும் இல்லை, நாடகம் எழுதும் ஆசையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் இதைப் படிக்க ஆரம்பித்த பிறகு வீட்டில் ஒருவர் உங்களிடம் வந்து ஏதோ சொன்னார். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள். எங்கே, அவர் என்ன சொன்னார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.