ஞாயிறு கோப்பியும் கண்ணீர்ப்புகையும்

வாழ்நாளில் நான் ஒரே ஒருமுறைதான் துப்பாக்கியால் சுட்டிருக்கிறேன். தாக்கப்பட்டவர்கள்: எனக்கு வேலை தந்த முதலாளி, அவருடைய மனைவி, ஒரு ஆப்பிள் கேக். மூவருமே எனக்கு எந்தத் தீங்கும் செய்யாதவர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது (நான் அதை ஏழாம் வகுப்பிலேயே கைவிட்டிருந்தேன்). கொழும்பில் கப்பலேறி, நாலைந்து துறைமுகங்களில் மூட்டை தூக்கி, கடைசியில் ஹம்பேர்க்கில் ஒரு கோப்பிக் கிடங்கில் வந்து சேர்ந்தேன். அங்கேயே வேலை செய்த சிவக்கொழுந்து அண்ணையும் நானும் ஒரே அறை. கட்டிலும் ஒன்றுதான், அவர் இரவு வேலை என்பதால் அதிலொரு பிரச்சினையும் இருக்கவில்லை.

ஒரு காலை, துறைமுகப் பக்கம் இரண்டு குடிகாரர்கள் என்னை மறித்தார்கள். என்னிடம் எடுக்க எதுவும் இல்லாதது அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். ஒரு பல்லை உடைத்து, தொப்பியைப் பறித்துக்கொண்டு போனார்கள். பல் போனது பரவாயில்லை, மற்றப் பக்கத்தால் மெல்லலாம். தொப்பி புதிது.

அடுத்த கிழமையே கண்ணீர்ப்புகைத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். குண்டு கிடையாது. விசையை அழுத்தினால் பெரிய சத்தத்தோடு புகை வரும், எதிரி கண்ணைப் பொத்திக்கொண்டு அழுவான். அந்த நாட்களில் வயது வந்தவன் என்று காட்டினாலே கடையில் தந்துவிடுவார்கள். புத்தி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

பயிற்சி ஆசிரியர் சிவக்கொழுந்து அண்ணை. ஊரில் மூன்று மாதம் காவலாளியாக இருந்தவர் (காவல் காத்தது பலகை விற்கும் ஒரு மரக்காலை, ஆயுதம் ஒரு விசில்). முதல் நாள் துப்பாக்கியைக் கோட்டுக்குள் ஒளித்துவைத்து எடுத்துக்காட்டச் சொன்னார். என் கோட்டு பழைய சாமான் சந்தையில் வாங்கியது. இரண்டு ஆள் நுழையலாம், ஆறு பொத்தான்கள். கம்பளிக் கையுறையோடு மூன்றாவது பொத்தானிலேயே சிக்கி நின்றேன்.

“டேய், நீ தெறி கழட்டி முடியிறதுக்குள்ள நான் உன்ர பேர்ஸை அடிச்சு, பியரும் குடிச்சுப்போட்டுத் திரும்பி வந்திடுவன்.”

ஆகவே கோட்டுப் பையின் அடியைக் கிழித்தேன். கிழிந்த கோப்பிச் சாக்கில் ஓர் உறை தைத்து, உள்ளே பொருத்தினேன். பைக்குள் கை விட்டால் நேரே துப்பாக்கி.

“பின்னால வாறவன்தான் ஆபத்தானவன்,” என்றார் அண்ணை. “கொலரில கை பட்ட உடன உன்ர கை உறைக்குள்ள போகவேணும். யோசிக்கக்கூடாது.”

“யோசிக்காமல் இருக்க எனக்கு ஏலும், அண்ணை.”

“ஓம், அது எனக்குத் தெரியும்.”

ஆறு கிழமை. நான் தேத்தண்ணி குடிக்கும்போதும் சவரம் செய்யும்போதும் பின்னால் பதுங்கிவந்து கொலரைப் பிடிப்பார். பயிற்சிக்கு வெறும் துப்பாக்கி, வெளியே போகும்போது நிரப்பிய துப்பாக்கி. இந்த ஒழுங்கை நான் ஒருநாளும் மீறவில்லை. மீறியிருக்கலாம்.

அந்தத் தை மாதம் என் தங்கும் அனுமதி முடிய மூன்று நாள் இருந்தது. ‘இவன் என்னிடம் வேலை செய்கிறான்’ என்று முதலாளி கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதுதான். முதலாளி நல்ல மனிதர். “ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கோப்பி குடிக்க வா, போட்டுத் தருகிறேன்,” என்றார்.

போனேன். நம்முடைய பண்பாட்டைக் காட்டுவதற்காகச் சப்பாத்தை வாசலிலேயே கழற்றினேன். காலுறை ஓட்டையால் பெருவிரல் எட்டிப்பார்த்தது. சப்பாத்தைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதலாளியின் மனைவி கையை நீட்டிக் கேட்டது கோட்டை.

அப்போதுதான் உறைத்தது. கோட்டுக்குள் துப்பாக்கியை ஒளிப்பது எப்படி என்று ஆறு கிழமை படித்தவனுக்கு, கோட்டை எங்கே ஒளிப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

“குளிர்,” என்றேன்.

பாவம், அந்த அம்மா என்னை நிலக்கரி அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து இன்னும் இரண்டு அகப்பை கரி போட்டார். கழுத்தால் வியர்வை ஓடியது. “இன்னும் குளிர்கிறதா?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். மேலும் ஒரு அகப்பை.

மேசைக்குக் கோப்பியும் ஆப்பிள் கேக்கும் வந்தன. முதலாளி கடிதத்தை விரித்தார். கண்ணாடி போட்டார். பேனா மூடியைத் திறந்தார். நான் அந்தப் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, விருந்தாளியிடம் கோட்டு வாங்கும் நல்ல பழக்கப்படி, அந்த அம்மா பின்னால் வந்து இரண்டு கையாலும் என் கொலரை மெதுவாகப் பிடித்தார்.

நான் யோசிக்கவில்லை. அண்ணை பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஒரு நிமிடத்தில் மூவரும் தெருவில், உறைபனியில், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். முதலாளியின் கையில் இன்னும் பேனா. எதிர்வீட்டுக் கிழவர் ஓடிவந்து, தொப்பியைக் கழற்றி, முதலாளியின் கையைப் பற்றினார்.

“ஆழ்ந்த அனுதாபம். எப்போது நடந்தது?”

“இப்போதுதான்,” என்றார் முதலாளி.

பிறகு என் பக்கம் திரும்பி, துப்பாக்கியைக் காட்டினார். “அது யாருக்கு?”

“திருடர்களுக்கு.”

“என் வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தாய்?”

தெரிந்த அரைகுறை ஜெர்மனில் தொப்பிக் கதையைச் சொன்னேன். சாட்சிக்கு வாயைத் திறந்து பல்லில்லாத இடத்தைக் காட்டினேன். அதுவரை புகையால் அழுத அம்மா அதற்குப் பிறகு எதனால் அழுதார் என்று எனக்குத் தெரியாது. யன்னல்களைத் திறந்து புகை போனதும் உள்ளே போனவர், முதலாளியின் பழைய தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் அழுத்தினார். முதலாளி துப்பாக்கியை வாங்கிவைத்துக்கொண்டு, கதவைத் திறந்துபோட்டபடி கையெழுத்துப் போட்டார்.

செவ்வாய்க்கிழமை வெளிநாட்டவர் அலுவலகத்தில் அதிகாரி அந்தக் கடிதத்தை விரித்தார். இரண்டு வரி வாசித்திருப்பார், கண் கலங்கியது. மூக்கைத் துடைத்தார். மூன்றாவது வரிக்குப் போகாமலே முத்திரை குத்தித் தந்துவிட்டார். என் நிலைமைக்காகக் கண்ணீர் விட்ட அரசாங்க அதிகாரியை நான் பிறகு எந்த நாட்டிலும் சந்திக்கவில்லை.

இதெல்லாம் நடந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. என் மகள் ஜெர்மன்காரர் ஒருவரைக் கட்டியிருக்கிறாள். மருமகன் மிகவும் பண்பானவர், பெரியவர்களுக்குக் கோட்டைக் கழற்ற உதவாமல் இருக்கமாட்டார். ஆனால் கலியாணத்துக்கு முன்பே மகள் அவரிடம் ஏதோ சொல்லிவைத்திருக்கிறாள். இன்றுவரை அவர் என் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் நான் பார்க்கும்படி உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் என் கோட்டைத் தொடுகிறார்.