இரண்டு சபினாக்களின் வயது

எழுபது வயது ஆகிவிட்டது என்று ஒருவர் தாமே சொல்லிக்கொள்வது சட்டப்படி செல்லாது. தலை நரைத்திருப்பது, பல் கொட்டியிருப்பது, முதுகு கூனியிருப்பது ஆகியவையும் செல்லா. அரசாங்கத்தை ஏமாற்றும் நோக்கத்தோடு ஏழைகள் சிறுகச் சிறுகச் செய்துகொண்ட ஏற்பாடுகளாகவும் அவை இருக்கலாம் அல்லவா?

1909-ல் அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், கில்டரா என்ற ஊரில், சபினா மக்ஹேல் இந்தச் சட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டாள். கல்யாணம் காட்சி காணாத கட்டை. தம்பி மகன் வீட்டு அடுப்போரம்தான் படுக்கை. அவன் பெண்டாட்டி உருளைக்கிழங்கை எண்ணி எண்ணித்தான் பானையில் போடுவாள். போடும்போதெல்லாம், "ஏழை விடுதியில மூணு வேளையும் கஞ்சி ஊத்துறாங்களாமே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். அந்த விடுதிக்குள் போனவர்கள் பெட்டியில்தான் வெளியே வந்திருக்கிறார்கள். எழுபது வயதானவர்களுக்கென்று புதிதாக வந்த முதியோர் பென்ஷன் மட்டும் கிடைத்துவிட்டால், அதே வாய் "அத்தை, இன்னும் ரெண்டு கிழங்கு சாப்பிடுங்க" என்று கெஞ்சும். சபினாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

பென்ஷன் அதிகாரி ஹார்ஃபோர்டு துரை அதற்கு முன் கலால் இலாகாவில் இருந்தவர். சாராயப் பீப்பாய்க்கு வயது பார்த்துப் பழகிய கண்ணால் சபினாவை மேலும் கீழும் பார்த்தார்.

"வயசுக்கு என்ன அத்தாட்சி?"

"பெருங்காத்து அடிச்ச வருஷம் பொறந்தேன் தொரை. எங்கம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கா."

"பெருங்காத்து கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா?"

கொடுக்கவில்லை. ஆகவே 1851-ம் ஆண்டு வீடு வீடாக ஆட்களை எண்ணி எடுத்த குடிக்கணக்கைத் தேடச் சொல்லி டப்ளினுக்கு எழுதினார்கள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. சபினா இருக்கிற ஒரே நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினாள்.

"உங்கப்பா ஆஸ்டின் மக்ஹேல் வீட்டுத் தாள் கிடைச்சிருக்கு. சபினான்னு ஒரு பொண்ணு. வயசு ரெண்டு."

"ரெண்டா?"

"அன்னிக்கு ரெண்டுன்னா இன்னிக்கு அறுபது. பத்து வருஷம் கழிச்சு வாம்மா."

"ஐயோ தொரை, பத்து வருஷம் அந்த வீட்ல எனக்கு யாரு சோறு போடுவா?"

துரை தாளைத் திருப்பினார். முந்தைய பத்து வருஷத்தில் செத்தவர்களின் பட்டியல் பின்பக்கம் இருந்தது.

"இரு, இரு. இன்னொரு சபினாவும் இருக்கா. அதே ஆஸ்டின் மகள். 1839-ல பொறந்திருக்கா. 47-ல, எட்டு வயசுல, இறந்துட்டா. காரணம், பசி."

செத்த பிள்ளையின் பெயரை அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு வைப்பது அந்த ஊர் வழக்கம். வைத்த அம்மாவோ, இருவரையும் ஒருத்தியாகவே நினைத்து வளர்த்துவிட்டாள் போலிருக்கிறது. பெருங்காற்று அடித்த அந்த 1839-ல் பிறந்தவள் பெரியவள்தான்.

"எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?" சபினா தாளை எட்டிப் பார்த்தாள். "பாவிங்க, ஒருத்தரும் சொல்லலையே! அறுபது வருஷமா அவ கதையைத்தான் என் கதைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனா?"

துரை சுற்றறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"பழைய குடிக்கணக்கு பிறப்புக்கு இறுதியான அத்தாட்சின்னு போட்டிருக்கு. இறப்புக்கு அத்தாட்சின்னு எங்கேயும் போடலை. ஆக, பெரிய சபினா பொறந்தது நிரூபணம் ஆயிடுச்சு. செத்தது ஆகலை. அவளுக்கு எழுபது வயசு. அவ நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா பென்ஷன் குடுத்திடலாம்."

"அவ செத்துட்டாளே தொரை!"

"அதைச் சொல்ல உனக்கு அதிகாரம் கிடையாது. உன் பேரு சபினா மக்ஹேலா?"

"ஆமா."

"ஆஸ்டின் மகளா?"

"ஆமா, ஆனா..."

"ஆனா எல்லாம் எழுத இதுல இடம் இல்லை. போடுறியா, இல்ல அறுபதுன்னு எழுதட்டுமா?"

சபினா பேனாவை வாங்கினாள். "அன்னிக்கு இந்த ஆபீஸ்ல ஒரு கிழங்கு குடுத்திருந்தா, அவளே வந்து போட்டிருப்பா" என்றாள். சொல்லிவிட்டு, எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதிலாக, அழுதுகொண்டே சிலுவைக் குறி போட்டாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

"ஏண்டி சபினா, செத்தவங்களுக்குக் குடுக்கிறானாமே!" என்று பக்கத்து வீட்டு பிடீலியா ஓடி வந்தாள். "எங்க வீட்லயும் எனக்கு முன்னாடி ஒரு பிடீலியா இருந்தான்னு அரசல்புரசலாக் கேட்டிருக்கேன். கொஞ்சம் தேடிப் பார்க்கச் சொல்லேன்!"

அடுத்த மாதங்களில் கில்டராவே வரிசையில் நின்றது. அந்த 47-ம் வருஷத்துக் கிழங்குப் பஞ்சத்தில் ஒரு பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு அந்த ஊரில் கிடையாது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒருவர் வளையவராத வீடும் அநேகமாகக் கிடையாது. தனக்கு ஒரு அண்ணன் இருந்தான், ஒரு அக்கா இருந்தாள் என்று அவரவர் துரை வாயால் முதல்முறை கேட்டார்கள், மூக்கைச் சிந்தினார்கள், குறி போட்டார்கள். சபினாவுக்கு இப்போது கிழங்கு எண்ணாமல் விழுந்தது.

வருஷக் கடைசியில் மேலிடத்து அறிக்கை வெளியானது. கில்டரா வட்டாரத்தில் எழுபதைத் தாண்டியவர்கள் வியக்கத்தக்க எண்ணிக்கையில் நல்ல தேகசுகத்துடன் வாழ்ந்துவருவதாக அதில் கண்டிருந்தது. இவ்வட்டாரத்து நீரும் காற்றும் நீண்ட ஆயுளுக்கு மிகவும் உகந்தவை என்றும், அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கே குழந்தைகள் பசியால் மாண்டதாகச் சொல்லப்படுவது முற்றிலும் கட்டுக்கதை என்றும் அது தெரிவித்தது. அதற்கு ஆதாரமாக, ஊரார் தம் கைப்பட இட்ட சிலுவைக் குறிகள் அத்தனையும் அறிக்கையோடு இணைக்கப்பட்டிருந்தன.